சாபிரா கலக்கிய உப்புநீர்

1996ஆம் ஆண்டு ஐப்பசியில், மழை விடாமல் பெய்துகொண்டிருந்த ஒரு திங்கட்கிழமைக் காலையில், நான் சாபிராவை முதன்முதலாகக் கண்டேன். கம்பத்திற்கு வெளியே, திராட்சைத் தோட்டங்களை ஒட்டியிருந்த ஒரு பெண்கள் கல்லூரியில் நான் அப்போது விலங்கியல் விரிவுரையாளராகப் பணியாற்றினேன். அக்கல்லூரி இன்று இல்லை. ஆய்வகத்திற்கு ஓர் உதவியாளர் வேண்டும் என்று ஆறு மாதங்களாகக் கேட்டுவந்தேன். அலுவலக மேலாளர் பொன்னுராஜ் அன்று ஒரு பெண்ணை அழைத்துவந்து என் மேசைக்கு முன்னால் நிறுத்தினார். முப்பது வயது இருக்கும். நனைந்த குடையை எங்கே வைப்பது என்று தெரியாமல் ஒரு கையில் பிடித்திருந்தார். மறு கையில் ஒரு கூடை. கூடையில் வைக்கோலுக்கு நடுவே முட்டைகள்.

"இவுக ஜெய்லானி வீட்டம்மா. குமுளிப் பக்கம் எஸ்டேட்டுக்கு ஜீப் ஓட்டுறாருல்ல, அந்த ஜெய்லானி," என்றார் பொன்னுராஜ். "பத்தாவது பாஸ். வீட்டுல கோழி வளக்குறாக. நீங்க தெனமும் முட்டை முட்டைன்னு என் உசுர எடுக்குறீகளே, அதான் ஆளையும் முட்டையையும் சேத்தே கூட்டியாந்துட்டேன்."

முட்டைகள் எத்தனை நாளானவை என்று கேட்டேன்.

"இன்னிக்கி விடியக்காலம் இட்டது எட்டு டீச்சர், நேத்து இட்டது ஏழு. நேத்துதுல கரிக்கோடு போட்டிருக்கேன்."

கல்லூரியில் எல்லாரும் என்னை மேடம் என்றே அழைப்பார்கள் என்பதை நினைவூட்டினேன்.

"சரிங்க டீச்சர்," என்றார் சாபிரா.

அந்த வேலை ஆண்டுக்கு ஆண்டு புதுப்பிக்கப்படும் தற்காலிகப் பணி. ஐந்து ஆண்டுகள் குறையின்றிப் பணியாற்றினால் நிரந்தரமாக்கப்படும் என்று பொன்னுராஜ் விளக்கினார். சாபிரா அந்த ஐந்து என்னும் எண்ணைத் தம் விரல்களில் ஒருமுறை மடக்கிப் பார்த்துக்கொண்டார். அவர் பிறந்த வீட்டிலோ புகுந்த வீட்டிலோ அதுவரை எந்தப் பெண்ணும் ஒரு வருகைப் பதிவேட்டில் கையொப்பமிட்டதில்லை. நிரந்தரமாகிவிட்டால் தம் பெயர் அச்சிட்ட பணிப்பதிவேடு ஒன்று இருக்குமா என்று கேட்டார். இருக்கும் என்றேன். அடுத்த ஐந்து ஆண்டுகள் அவர் எதற்காக உழைத்தார் என்று கேட்டால், அதற்காகத்தான்.

என் ஆராய்ச்சி கோழிக்கருவைப் பற்றியது. அடைக்கு வைத்த முட்டையில், முதல் நாள் முடிவில், கரு ஒரு மெல்லிய தகடுபோல் மஞ்சட்கருவின்மேல் படுத்திருக்கும். தகடு என்றாலும் அது செல்களால் ஆனது. ஒவ்வொரு செல்லும் பக்கத்துச் செல்லைப் பற்றிக்கொண்டிருக்கும். இரண்டாம் நாளில் அத்தகட்டின் நடுப்பகுதி இருபுறமும் மடிந்தெழுந்து, விளிம்போடு விளிம்பு சேர்ந்து, ஒரு குழலாக மூடிக்கொள்ளும். மூளையும் தண்டுவடமும் அக்குழலிலிருந்தே உருவாகின்றன. மடிவது என்றாலே இழுபடுவதுதான். அதே வேளையில் கருவின் வெளிவிளிம்பு மஞ்சட்கருவின்மேல் பரந்துகொண்டே சென்று, கருவை எல்லாத் திசைகளிலும் இழுக்கும். போதாதென்று, அந்நாள் முடிவதற்குள் இதயமும் துடிக்கத் தொடங்கி, ஒவ்வொரு துடிப்பிலும் அக்கம்பக்கத்தை உலுக்கும். இத்தனை இழுப்புக்கும் அத்தகடு ஏன் கிழிவதில்லை? செல்லும் செல்லும் பற்றிக்கொள்ளும் இணைப்புகள் எவ்வளவு விசையைத் தாங்கும்? இவையே என் கேள்விகள். மதுரையில் பகுதிநேர ஆய்வாளராகப் பதிவுசெய்து, அப்போது ஆறு ஆண்டுகள் ஆகியிருந்தன.

அளக்கும் முறையைச் சொல்வது எளிது. கருவை அதன் சவ்வோடு எடுத்து, குழிந்த கண்ணாடித் தட்டில், உப்புநீரில் மிதக்கவிட வேண்டும். தீயில் காட்டி மயிரிழைபோல் நீட்டிய கண்ணாடி இழை ஒன்றைக் கருவின் ஓரத்தில் மாட்டி மெல்ல இழுக்க வேண்டும். இழை எவ்வளவு வளைகிறதோ அதுவே விசையின் அளவு. ஆனால், நான் எடுத்த கருக்களுள் பெரும்பாலானவை இழை மாட்டுவதற்கு முன்பே பிரிந்துபோயின. அரைமணி நேரத்தில் ஓரம் பிசிறு பிசிறாகும். பிறகு செல்கள் தூள் தூளாக நீரில் உதிரும். பத்து முட்டை உடைத்தால் இரண்டு தேறும். என் கை போதாது என்று என் வழிகாட்டி கருதினார். நானும் அவ்வாறே நம்பினேன்.

முதல் நாளிலேயே எனக்குச் சாபிராவின்மேல் பொறாமை வந்தது என்றால் அது பொய்யாகும். மூன்று வாரங்கள் ஆயின.

மூன்று வாரங்களில் அவர் முட்டையோட்டில் சன்னல் வெட்டக் கற்றுக்கொண்டார்; சவ்வைச் சுற்றி நறுக்கிக் கருவை எடுக்கக் கற்றுக்கொண்டார். எனக்கு அதற்குப் பல மாதங்கள் ஆகியிருந்தன. முதலில் அவர் எடுத்த கருக்களும் உதிரத்தான் செய்தன. அடுத்த ஆண்டு கோடை கழிந்தபோது, அவர் கையில் பத்துக்கு ஏழு தேறின. சில நாள்களில் எட்டு. இளங்கலை மாணவியர்க்கு அவரே செய்து காட்டினார். ஆய்வகத்தை நெருங்கும்போது உள்ளே சிரிப்பு கேட்கும். நான் வாசலில் கால் வைத்ததும் அது நின்றுவிடும். அந்த நிற்பு என்னை எவ்வளவு வருத்தியது என்பதை நான் எவரிடமும் சொன்னதில்லை.

ஒருநாள் வாசலுக்கு வெளியே நின்றே கேட்டேன். காமயகவுண்டன்பட்டியிலிருந்து வரும் அக்கம்மாள் என்னும் மாணவி நுண்ணோக்கியில் குனிந்திருந்தாள்.

"ஏத்தா அக்கம்மா, தள்ளி நில்லு. நீ விடுற மூச்சுல கரு ஆடுது."

"சாபிராக்கா, அது எப்படிக்கா உங்க கையில மட்டும் பிய்யாம நிக்கிது?"

"ம்ம், அதுக்கிட்ட தெனமும் ஸலாம் சொல்லுவேன்."

"மேடம் எடுத்தா தூளாப் போகுது."

"மேடத்தச் சொல்லாத. அவுக படிச்சவுக. பெரிய பெரிய விசயமா யோசிச்சுக்கிட்டே எடுப்பாக. எனக்கு என்ன யோசனை இருக்கு, மத்தியானம் என்ன கொழம்புன்னுதான்."

அவர் எனக்காகத்தான் பேசினார். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

குறை தேடத் தொடங்கினேன். தேடினால் கிடைக்கும் அல்லவா. அடைகாக்கும் மின்பெட்டியின் அடித்தட்டில் ஓர் ஆணியும் இரண்டு கரித்துண்டுகளும் இருந்தன. கேட்டபோது, "இடி இடிச்சா கரு கலங்கிரும் டீச்சர். இரும்பும் கரியும் போட்டு வச்சா ஒண்ணும் பண்ணாது. எங்க அடைக்கூடையில எப்பவும் கெடக்கும்," என்றார். அவற்றை எடுத்து வெளியே போட்டேன். மறுநாள் அவை மீண்டும் இருந்தன. இந்தக் கதையை ஆசிரியர் அறையில் நான் சிரித்துக்கொண்டே சொன்னேன், எல்லாரும் சிரித்தார்கள். பொன்னுராஜும் அங்கே இருந்தார்.

1998ஆம் ஆண்டு மதுரையிலிருந்து ஒரு பேராசிரியர் என் ஆய்வைப் பார்வையிட வந்தார். தட்டில் இருந்த கருவை நெடுநேரம் பார்த்துவிட்டு, "இவ்வளவு சுத்தமாக யார் எடுத்தது?" என்று கேட்டார்.

"எங்கள் ஆய்வகத்தில் எடுத்ததுதான், ஐயா," என்றேன்.

அக்கம்மாள் இடையில் புகுந்து, "இவுகதான் சார்," என்று, தேநீர்த் தட்டோடு நின்ற சாபிராவைக் காட்டினாள்.

பேராசிரியர் தம் கோப்பையைக் கீழே வைத்துவிட்டுச் சாபிராவின் பக்கத்தில் முக்காலி போட்டு அமர்ந்தார். "எனக்கு ஒருமுறை செய்து காட்டுங்கள்," என்றார். அரைமணி நேரம் அவர் எழவில்லை. நான் வரிசையாக அடுக்கி வைத்திருந்த பதிவேடுகளை அவர் திறக்கவே இல்லை. புறப்படும்போது என்னிடம் அவர் சொன்னது ஒன்றே: "இந்த அம்மாவை விட்டுவிடாதீர்கள்."

மறுநாள் முதல் ஆராய்ச்சிக்கான கருவைத் தொடக்கூடாது என்று சாபிராவிடம் கூறினேன். கண்ணாடிக் கலங்களைக் கழுவுவது, முட்டை வாங்கி வைப்பது, மாணவியரின் வகுப்புக்கு வேண்டியதைச் செய்வது. அவ்வளவுதான் அவர் வேலை. ஆராய்ச்சிக்கான கருக்களை நானே எடுத்தேன். பழையபடி பத்துக்கு இரண்டு தேறின. அவர் கழுவுதொட்டியருகே நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருப்பார். ஒருமுறை ஏதோ சொல்ல வாயெடுத்தார். "சொன்ன வேலையை மட்டும் செய், சாபிரா," என்றேன்.

1999ஆம் ஆண்டு கார்த்திகையில், வடிகட்டும் தாள் தேடி, அவர் பொருள்கள் வைக்கும் இழுப்பறையைத் திறந்தேன். அதில் நாள்காட்டித் தாள்கள் ஒரு கட்டு இருந்தன. அன்றாடம் கிழித்துப் போடும் தாள்கள். பின்பக்கத்தில் பென்சிலால் எழுதியிருந்தது. நாள், எந்த நீர், எத்தனை முட்டை, எத்தனை தேறின, எத்தனை உதிர்ந்தன. "டிஸ்டில் வாட்டர், உப்பு பாட்டில் புதுசு: பத்துக்கு ஆறு." "டிஸ்டில் வாட்டர், உப்பு நீர் விட்டிருச்சு: பத்துக்கு ரெண்டு." "வீட்டுத் தண்ணி: பத்துக்கு எட்டு." இரண்டரை ஆண்டுக் கணக்கு அது. நின்றபடியே முழுவதையும் படித்தேன். படித்து முடிக்கும் முன்பே எனக்கு விளங்கிவிட்டது.

செல்களின் இணைப்புகள் பிடிப்போடு இருக்கக் கால்சியம் வேண்டும். அதனால்தான் உப்புநீரில் கால்சியம் குளோரைடு சேர்க்கிறோம். அந்த உப்பு காற்றின் ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. எங்கள் பள்ளத்தாக்கின் மழைமாதங்களில், மூடி தளர்ந்த புட்டியில் அது கூழாகிவிடும். நூலில் சொன்ன எடையை நான் பிழையின்றி நிறுத்துப் போட்டேன். ஆனால், நிறுத்ததில் பாதிக்குமேல் வெறும் நீர். ஆண்டுக்கணக்காக, கால்சியம் குன்றிய நீரில் கருக்களை மிதக்கவிட்டு, அவை ஏன் உதிர்கின்றன என்று வியந்திருக்கிறேன்.

முதலில் எனக்கு ஏற்பட்டது மகிழ்ச்சி. கைத்திறன் அன்று, நீர்தான். ஒரு பகல் முழுவதும் அம்மகிழ்ச்சி நீடித்தது. பிறகுதான் உறைத்தது: அதை நான் கண்டுபிடிக்கவில்லை.

அவரை அழைத்துக் கேட்டேன். "இது என்ன?"

"கணக்கு டீச்சர்."

"என்னிடம் ஏன் சொல்லவில்லை?"

"சொன்னேனே. ரெண்டு வருசம் முன்னாடி, உப்பு கூழாக் கெடக்கு, புதுசு வாங்கலாமான்னு கேட்டேன். புத்தகத்துல இருக்க எடையப் போடுன்னீக. போன வருசமும் சொல்ல வந்தேன். சொன்ன வேலைய மட்டும் செய்யின்னீக."

"அதனால் உன் விருப்பப்படி வீட்டுத் தண்ணீரைக் கலந்தாயா?"

"உங்க பாட்டில்ல கை வைக்கல டீச்சர். அது மேல் அடுக்குல தனியா இருக்கு, தொட்டா வைவீக. புள்ளைகளுக்கும் எனக்கும் கலக்குறதுலதான் வீட்டுத் தண்ணி ஊத்துனேன்."

"வேறு நீர் இருக்க, வீட்டு நீரை ஏன் எடுத்தாய்?"

அவர் சற்றுத் தயங்கினார். நான் சிரிப்பேன் என்று நினைத்திருக்க வேண்டும்.

"எங்க வீட்டு போர்த் தண்ணி சப்பத் தண்ணி டீச்சர். பானையில வெள்ளையாப் படியும். அந்தத் தண்ணியில பருப்பு வேகாது, எம்புட்டு நேரம் வச்சாலும் விறைச்சே கெடக்கும். ஆத்துத் தண்ணியில போட்டா கொழஞ்சிரும். ஒரு கோடையில இங்கன தண்ணி வடிக்கிற மெசின் ரிப்பேராப் போச்சுல்ல, அப்ப நெனச்சேன். பருப்பையே கொழையவிடாத தண்ணி, இந்தக் கருவையும் கொழையவிடாம நிறுத்துமோன்னு. அதான் ஊத்திப் பாத்தேன். ஒரு நாள் பாத்தா நம்ப முடியாதுல்ல, அதான் எழுதி வச்சேன்."

பருப்பை வேகவிடாமல் செய்வது அந்நீரில் மிகுந்துள்ள கால்சியம். பருப்பு வேகாத நீர் என்பது எங்கள் பகுதியில் எல்லாப் பெண்களுக்கும் தெரிந்த செய்தி. எனக்கும் தெரியும். ஆற்றுநீர் வராத நாளில் நானும் அதைச் சொல்லி அலுத்துக்கொண்டவள்தான். அடுப்படியில் தெரிந்த ஒன்றை ஆய்வகத்து மேசைவரை எடுத்துவர எனக்குத் தோன்றவில்லை; அவருக்குத் தோன்றியது. என் பொறாமை அன்று குறைந்திருக்க வேண்டும். குறையவில்லை. கை என்றால் அது பிறவியில் அமைந்தது என்று சொல்லித் தேற்றிக்கொள்ளலாம். இதற்கு எந்தத் தேறுதலும் கிடைக்கவில்லை.

தாள்களை நான் வாங்கி வைத்துக்கொண்டேன். காற்றுப் புகாத புதிய புட்டிகளை வரவழைத்தோம். அடுத்த ஓராண்டு, என் ஆராய்ச்சி வாழ்வின் மிகச் சிறந்த ஆண்டு. கால்சியத்தைக் கூட்டியும் குறைத்தும், இழையை விரைந்தும் மெல்லவும் இழுத்துப் பார்த்தோம். சாபிராவைக் கருக்களின் பக்கம் மீண்டும் அனுமதித்தேன், வேறு வழியில்லை. இழைகளையும் அவரே நீட்டினார். மெல்ல இழுத்தால், செல்களின் இணைப்புகள் அந்த இழுப்புக்குத் தம்மைச் சரிசெய்துகொண்டு முன்னிலும் இறுகுவதுபோல், கரு நெடுநேரம் தாங்கியது. வெடுக்கென இழுத்தால் கிழிந்தது; கிழிசல் பெரும்பாலும் மூன்று செல்கள் கூடும் மூலையிலேயே தொடங்கியது. கால்சியம் குறைந்தால், மெல்ல இழுத்தாலும் பயனில்லை.

"மூணு பேரு சேர்ற எடத்துலதான் டீச்சர் விட்டுப்போகுது," என்று நுண்ணோக்கியிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார் சாபிரா. "ரெண்டு பேரு கட்டிப் பிடிச்சிருந்தா விடமாட்டேங்குது."

அந்த மூலையை முதலில் கண்டவரும் அவர்தான். இதை இன்று எழுதுகிறேன், அன்று எழுதவில்லை.

ஆய்வேட்டில், பழைய அளவீடுகளை ஏன் தள்ளினோம், கால்சியத்தின்பால் கவனம் எவ்வாறு திரும்பியது என்பதை விளக்க வேண்டியிருந்தது. அதற்கு ஒரே ஒரு வாக்கியம் எழுதினேன். ஆங்கிலத்தில் எழுதிய அதன் பொருள் இது: "உதவியாளர் ஒருவரின் கவனக்குறைவால், காய்ச்சி வடித்த நீருக்கு மாறாக ஆழ்துளைக் கிணற்று நீர் கலக்கப்பட்டது, அத்தவற்றை ஆராய்ந்தபோது கால்சியத்தின் பங்கு எமக்குப் புலப்பட்டது." அவ்வாக்கியத்தை மூன்றுமுறை திருத்தினேன். முதல் வடிவில் அவர் பெயர் இருந்தது. இரண்டாம் வடிவில் "உதவியாளரின் முயற்சியால்" என்று இருந்தது. மூன்றாம் வடிவைத் தட்டச்சுக்கு அனுப்பினேன். நாள்காட்டித் தாள்களில் இருந்த அவரது அட்டவணை என் அட்டவணையாக அதே பக்கத்தில் இருந்தது.

2001ஆம் ஆண்டு ஆனியில் ஆய்வேடு ஏற்கப்பட்டது. ஒரு படியைக் கல்லூரி நூலகத்திற்கு அளித்தேன். ஐப்பசியில் சாபிராவுக்கு ஐந்து ஆண்டுகள் நிறைவுற்றன; பணியை நிரந்தரமாக்கும் கோப்பு நிர்வாகக் குழுவுக்குச் சென்றது. அதே இடத்திற்கு, நிர்வாகத்தில் ஒருவருக்கு வேண்டிய வேறொரு பெண்ணின் பெயரும் வந்திருந்தது என்பதைப் பின்னரே அறிந்தேன். குழுவில் ஒருவர் என் ஆய்வேட்டைப் புரட்டியிருக்கிறார்.

பொன்னுராஜ் எங்கள் இருவரையும் அலுவலகத்திற்கு அழைத்தார். சாபிரா அன்று புதுச் சேலை உடுத்தியிருந்தார். கையில் இனிப்புப் பொட்டலம் இருந்தது. பொன்னுராஜ் அவரைப் பார்க்காமல் என்னைப் பார்த்தார்.

"மேடம், இங்கன ஒரு சிக்கல். உங்க புத்தகத்துலயே எழுதியிருக்காம். உதவியாளர் கவனக்குறைவாத் தண்ணியை மாத்திக் கலந்துட்டாகன்னு. கமிட்டில கேக்குறாக. இப்படிப்பட்டவுகளுக்கு எப்படி நிரந்தரம் குடுக்குறது? ஆணி, கரின்னு வேற ஏதோ சொல்றாக. நீங்க ஒரு வார்த்தை எழுதிக் குடுத்தா நான் பேசிப் பாக்குறேன்."

சாபிரா என் பக்கம் திரும்பினார். அவர் முகத்தில் அச்சம் இல்லை. என்னிடம் அந்த ஒரு வார்த்தை இருக்கிறது என்பதில் அவருக்கு ஐயமே இல்லை.

"டீச்சர் சொல்லுவாக," என்றார்.

ஆய்வேடு ஏற்கப்பட்டு நான்கு மாதங்களே ஆகியிருந்தன. அந்த வாக்கியம் பொய் என்று எழுதிக் கொடுத்தால், அட்டவணை யாருடையது என்னும் கேள்வி எழும். அந்த அச்சம் உண்மைதான். ஆனால், அச்சத்தை மட்டும் சொல்லி நிறுத்தினால் நேர்மையாகாது. மதுரைப் பேராசிரியர் முக்காலி போட்டு அமர்ந்த காட்சி அப்போது என் கண்முன் வந்தது.

"அச்சில் உள்ளதே என் கருத்து," என்றேன்.

சாபிரா இனிப்புப் பொட்டலத்தைப் பொன்னுராஜின் மேசையில் வைத்துவிட்டு, "பிரிச்சாச்சு, கெட்டுப் போகும். எல்லாருக்கும் குடுத்துருங்க," என்று சொல்லி வெளியேறினார். நான் ஆய்வகத்திற்குச் சென்றபோது அவர் அங்கே இல்லை. கலங்கள் கழுவிக் கவிழ்க்கப்பட்டிருந்தன. மறுநாள் வகுப்புக்கான உப்புநீர் இரண்டு புட்டிகளில் கலக்கி வைக்கப்பட்டு, ஒவ்வொன்றின்மேலும் நாள் எழுதிய தாள் ஒட்டப்பட்டிருந்தது.

அல்லிநகரத்தில் ஒரு கோழிக்குஞ்சுப் பண்ணையில் அவர் சேர்ந்துவிட்டதாகச் சில மாதங்களுக்குப்பின் கேள்விப்பட்டேன். ஒன்பது ஆண்டுகள் அங்கே இருந்தார். கம்பத்திலிருந்து நாள்தோறும் பேருந்தில் சென்றுவந்தார். அக்கம்மாள் அப்போது தேனியில் ஆசிரியை ஆகியிருந்தாள்; என்னைக் காணும்போதெல்லாம் சாபிராவைப் பற்றிச் சொல்வாள். முட்டையை விளக்கொளியில் பிடித்துக் கருவைப் பார்ப்பதற்கு அவரிடம் பழகிய பெண்கள் மட்டும் பன்னிரண்டு பேர். பண்ணையில் புதிதாக வந்த கால்நடை மருத்துவரே ஐயம் என்றால் அவரிடம்தான் கேட்கிறாராம். நான் முனைவர் ஆகி, துறைத் தலைவரும் ஆகியிருந்தேன். இருந்தும் அச்செய்திகளைக் கேட்கும்போது, நெஞ்சில் பழைய இடத்திலேயே ஏதோ குத்தும். என் ஆய்வகத்தில் அதன்பிறகு சிரிப்பும் இல்லை. அது நிற்பதும் இல்லை.

2005இல் கம்பம் பேருந்து நிலையத்தில் ஒருமுறை எதிரெதிரே வந்துவிட்டோம். விலகிச் செல்ல இடமில்லை. அவர் பையிலிருந்து ஒரு குலைத் திராட்சையை எடுத்து என் கையில் வைத்தார்.

"டாக்டர் ஆயிட்டீகளாமே, அக்கம்மா சொன்னா. சந்தோசம் டீச்சர். ஒடம்பு எளச்சுட்டீகளே."

அவர் என்னைக் கடிந்திருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். பேருந்து வந்தது, ஏறிப் போய்விட்டார்.

2008இல் ஓய்வுபெற்றேன். 2010ஆம் ஆண்டு சித்திரையில் ஒரு முற்பகலில், ஜெய்லானி என் வீட்டு வாசலில் தம் ஜீப்பை நிறுத்தினார். முன்பின் பேசிப் பழகாதவர். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"புத்துநோய்ங்க. மதுரையில பாத்தாச்சு. வீட்டுக்குக் கூட்டிட்டுப் போகச் சொல்லிட்டாக. ஒங்களப் பாக்கணுங்குறா."

அவர்கள் வீடு கம்பத்தில் ஒரு குறுகிய தெருவில் இருந்தது. சாபிரா கட்டிலில் தலையணைகளை அடுக்கிச் சாய்ந்திருந்தார். பாதியாகிப் போயிருந்தார். கட்டிலின் கால்மாட்டில் அவர் மகள் பெனாசிர் அமர்ந்திருந்தாள். தாய் என் ஆய்வகத்தில் சேர்ந்தபோது ஆறு வயதுக் குழந்தை. இப்போது இருபது வயது, மதுரையில் விலங்கியல் இளங்கலை இறுதியாண்டு. என்னைக் கண்டதும் எழுந்து நின்றாள். மரியாதையோடுதான் நின்றாள்.

"வாங்க டீச்சர். ஏத்தா, நாற்காலியப் போடு," என்றார் சாபிரா. "பயப்படாதீக. பழச எடுத்து வைய மாட்டேன். வைய மூச்சு இல்ல."

நான் ஏதேதோ சொல்லத் தொடங்கினேன். அவர் கையை உயர்த்தித் தடுத்தார்.

"இவளுக்கு ஒரு விசயம் சொல்லியிருந்தேன். ஒங்கம்மா ஒண்ணு கண்டுபிடிச்சாத்தா, அது இன்னிக்கி டீச்சர் புத்தகத்துல இருக்குன்னு. சின்னப் புள்ளையிலருந்து அதச் சொல்லிச் சொல்லித்தான் இவள வளத்தேன். அதுக்காகவே இந்தப் படிப்ப எடுத்தா. போன வருசம் மதுரையில லைப்ரரில அந்தப் புத்தகத்தத் தேடி எடுத்துட்டா."

பெனாசிர் தரையைப் பார்த்தாள்.

"எடுத்துப் படிச்சுட்டு வந்து என்னையக் கேட்டா. ‘ஏம்மா இம்புட்டு நாளாப் பொய் சொன்ன? நீ தப்பாக் கலந்துட்டன்னுதானே போட்டிருக்கு. அதுலதானே வேலையும் போச்சு’ன்னு. நான் இல்லைன்னேன். ‘மேடம் அச்சுல பொய்யா எழுதுவாக?’ன்னா. அதுக்கு நான் என்ன சொல்லட்டும், சொல்லுங்க. அப்பறம் அவ கேக்கவே இல்ல. நல்லாத்தான் பாத்துக்குறா. வேளைக்கு மருந்து குடுக்குறா. ஆனா எம்மேல பாவப்பட்டுக்கிட்டு பேசாம இருக்கா. அதுதான் தாங்கல."

"அம்மா, போதும்மா," என்றாள் பெனாசிர்.

"நீ இரு." சாபிரா மூச்சு வாங்கினார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். வாயால் சொல்லிவிடலாம் என்று எண்ணி, பெனாசிரின் பக்கம் திரும்பினேன். சாபிரா என் கையை இழுத்தார்.

"சொல்ல வேணாம் டீச்சர். எனக்காகச் சொல்றீகன்னு நெனப்பா. சாகப்போறவளுக்கு எல்லாரும் நல்லதுதான் சொல்லுவாக. வேலை போனது போகட்டும், அதக் கேக்கல. அச்சுல இருக்கது அச்சுலதான் மாறணும். ஒங்க பேரப் போட்டு, ஒங்க கையெழுத்தப் போட்டு, அந்தக் ‘கவனக்குறைவு’ங்குறத அடிச்சுட்டு, இது சாபிரா தெரிஞ்சு செஞ்ச காரியம்னு எழுதி, எங்கனயாச்சும் அச்சுல போட்டு, எம்புள்ள கையில குடுங்க."